குடல் எரிச்சலுக்கு எந்த மாத்திரை? வலி, பேதி, மலச்சிக்கல்: மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு

வலிக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, ‘நரம்புக்கு’ ஒன்று. குடல் எரிச்சல் நோய்க்குறி என்று பெயர் வைக்கப்பட்டவரின் மருந்துப் பையைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எது கேட்கிறது, எது கேட்பதுபோலத் தோன்றுகிறது, எது புதிதாக ஒரு தொல்லையைச் சேர்க்கிறது என்று விழுங்குகிறவருக்கே தெரிவதில்லை. இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்விக்காக இந்த ஒப்பீடு. (மருத்துவர்கள் இந்த நோயை ஐ.பி.எஸ். என்பார்கள். தமிழில் எழுதினால் காவல்துறை அதிகாரியின் பட்டமும் அதே எழுத்துகள்தான். இங்கே பேசுவது வயிற்றைப் பற்றி.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐ.பி.எஸ்.ஸை அடியோடு தீர்க்கும் மருந்து கிடையாது. ஒவ்வொரு மருந்தும் ஓர் அறிகுறியையோ இரண்டையோதான் தொடும். தொடாத அறிகுறியைச் சில சமயம் மோசமாக்கவும் செய்யும். அதனால் ‘எது நல்ல மருந்து’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘என் தொல்லைகளில் எது பெரிது’ என்று கேட்டால் பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

## கடைக்குப் போகும் முன்

இது ஐ.பி.எஸ்.தானா என்பது முதல் கேள்வி. குடல் நோய் நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறைப்படி, கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது அந்த வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாத மலச்சிக்கலும், வலியே இல்லாத பேதியும் இந்த வரையறைக்குள் வராது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை ஒப்பீட்டை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45 – 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கிய தொல்லை, நெருங்கிய உறவில் பெருங்குடல் புற்றுநோய். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசமும் வயிற்றுவலியும் வந்தால் சினைப்பையையும் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: குடல் காசநோய். அது ஐ.பி.எஸ். வேடத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பேதியை உண்டாக்கும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே பலருக்கு அடங்கிவிடும். இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் மலத்தை இறுக்கும். வாயுவுக்குக் குடிக்கும் ஜெல் மருந்தில் மெக்னீசியம் இளக்கும், அலுமினியம் இறுக்கும். இவற்றில் ஒன்று குற்றவாளி என்றால் புதிய மருந்து வாங்க வேண்டியதே இல்லை. மாற்றுவதை மட்டும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

1. எந்த அறிகுறியைத் தொடும்: வலியா, பேதியா, மலச்சிக்கலா, உப்புசமா.
2. எவ்வளவு நாளில் தெரியும்: ஒரு மணி நேரத்தில் கேட்பதும் உண்டு, ஆறு வாரம் கேட்பதும் உண்டு. பொறுக்க வேண்டியதை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு ‘இது சரியில்லை’ என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.
3. எதிர்ப்பக்கம் எப்படிச் சாய்க்கும்: பேதியை நிறுத்துவது சிக்கலைத் தருமா, சிக்கலை இளக்குவது உப்புசத்தைக் கூட்டுமா.
4. உங்கள் உடம்புக்குப் பொருந்துமா: கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு, கர்ப்பம்.
5. முழுச் செலவு: ஒரு மாத்திரையின் விலையை நாள் கணக்கோடு பெருக்கிப் பாருங்கள். வேலை நேரத்தில் தூக்கம், வாய் வறட்சி, விட முடியாத பழக்கம் ஆகியவையும் செலவில் சேரும்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள். ஐ.பி.எஸ். ஆய்வுகளில் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேவலை என்பார்கள். ‘எனக்குக் கேட்டது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைப் பொய்யென்று தள்ள வேண்டாம், ஆனால் அதை நம்பி ஒரு மாத ஸ்ட்ரிப் வாங்கவும் வேண்டாம்.

## வலியும் பிடிப்பும் பெரிது என்றால்

இங்கே போட்டி குடல் தசையைத் தளர்த்தும் மருந்துகளுக்குள். எல்லாம் ‘வயிற்றுவலி மாத்திரை’ என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் குணம் வேறுவேறு.

மெபெவெரின். 135 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று, உணவுக்கு 20 நிமிடம் முன்பு. அல்லது மெதுவாகக் கரையும் 200 மி.கி. காப்ஸ்யூல் காலை, இரவு. சாப்பிட்டபின் எடுத்தால் பயன் குறையலாம், ஏனென்றால் சாப்பாடு உள்ளே போகும்போதுதான் குடல் அதிகம் முறுக்கிக்கொள்ளும். வாய் வறட்சி, கண் மங்கல் பெரிதாக வராது. கண் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ இருப்பவருக்கு இந்த வரிசையில் ஏற்றது இதுதான். அதன் குறை, ஆய்வுச் சான்று சுமார்தான் என்பது. நான்கு வாரத்தில் தெரியாவிட்டால் ஐந்தாவது வாரமும் தெரியாது.

டைசைக்ளோமின். 10 – 20 மி.கி. சீக்கிரம் கேட்கும், விலையும் குறைவு. நரம்புச் செய்தியை மறிப்பதால் வாய் உலரும், பார்வை மங்கும், சிறுநீர் தடைபடும், மலமும் இறுகும். பேதி வகைக்காரருக்கு அந்தக் கடைசி விளைவு லாபம், மலச்சிக்கல்காரருக்கு நஷ்டம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மறதியும் தடுமாற்றமும் கூடச் சேரும்.

மறைமுகச் செலவு வேறிடத்தில் இருக்கிறது. கடையில் ‘வயிற்றுவலிக்கு’ என்றால் கைக்கு வருவது பெரும்பாலும் தனி டைசைக்ளோமின் அல்ல. பாராசிட்டமாலோ மெஃபனாமிக் அமிலமோ சேர்ந்த கலவை வரும். மாதவிடாய் வலிக்கு எப்போதாவது ஒன்று என்றால் சரி. ஐ.பி.எஸ்.ஸுக்கு வாரக்கணக்கில் எடுத்தால், மெஃபனாமிக் அமிலம் இரைப்பையையும் குடலையும் அரிக்கும். வயிற்றுக்கு எடுத்ததே வயிற்றைக் கெடுக்கும். தோல் தடிப்பு, காய்ச்சல், ஈரல் பாதிப்பு என்று போகும் கடுமையான ஒவ்வாமை குறித்து இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் இந்த அமிலத்தைப் பற்றி எச்சரித்தது.

டிரோட்டாவெரின். 40 – 80 மி.கி. மூன்று வேளை. டைசைக்ளோமின் அளவுக்கு வாய் உலராது. இந்தியாவில் 80 மி.கி. அளவை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வலி குறைந்தது. தலைச்சுற்றலும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சிலருக்கு வரும்.

ஹயோசின் பியூட்டைல் புரோமைடு. 10 மி.கி. மாத்திரை. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். தினசரி மருந்தாக வைத்துக்கொள்வதைவிடப் பிடிப்பு வரும்போது மட்டும் எடுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பெப்பர்மின்ட் எண்ணெய்க் காப்ஸ்யூல். 0.2 மி.லி. எண்ணெய் உள்ள, குடலில் மட்டும் கரையும் உறையிட்ட காப்ஸ்யூல். உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, மூன்று வேளை. வலியோடு உப்புசமும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் எண்ணம். 2020இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் வலிக்கு வைத்த முதன்மை இலக்கை இது எட்டவில்லை. பழைய ஆய்வுகள் பல இதற்குச் சாதகம். கடித்தாலோ, அமில முறிவு மருந்தோடு எடுத்தாலோ உறை இரைப்பையிலேயே கரைந்து நெஞ்செரிச்சல் பிடுங்கும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இது ஒத்துவராது. புதினாத் துவையல் இதற்கு ஈடாகாது: நம் சந்தையில் வரும் புதினா பெரும்பாலும் வேறு இனம், அதில் மென்தால் மிகக் குறைவு.

## பேதியும் அவசரமும் பெரிது என்றால்

லோபெரமைடு 2 மி.கி. ஒரே நாளில் பலன் தெரியும் மருந்து. சென்னை – மதுரைப் பேருந்திலோ தேர்வு அறையிலோ கழிப்பறை பற்றிய பயம் இருந்தால், கிளம்ப முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. மலம் கெட்டிப்படும், தடவை குறையும். வயிற்றுவலியையும் உப்புசத்தையும் இது தொடாது. அதைத் தெரிந்து எடுத்தால் ஏமாற்றம் இல்லை.

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 8 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கண்காணிப்பில் உச்சம் 16 மி.கி. அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் தொடவே வேண்டாம்: கிருமியை வெளியேற்றும் வழியை அடைத்துவிடுவீர்கள். பேதியும் சிக்கலும் மாறிமாறி வருகிறவர் ஒரு மாத்திரை எடுத்து, மூன்று நாள் போகாமல் இருந்து, நான்காம் நாள் பிய்த்துக்கொண்டு போய், மறுபடி மாத்திரை எடுப்பார். பாதி மாத்திரையில் தொடங்கினால் இந்தச் சுழலைத் தவிர்க்கலாம். காப்ஸ்யூலைப் பாதியாக்க முடியாது, ஆகவே மாத்திரை வடிவம் கேட்டு வாங்குங்கள்.

ரிஃபாக்சிமின். குடலிலேயே தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக். 2015 மே மாதம் அமெரிக்காவில் பேதி வகை ஐ.பி.எஸ்.ஸுக்கு ஒப்புதல் பெற்றது. அளவு 550 மி.கி., மூன்று வேளை, 14 நாள். மொத்தம் 42 மாத்திரை. பத்து மாத்திரையின் விலையைக் கேட்டு 4.2ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலருக்கு 400 மி.கி. இரண்டு வேளை, ஏழு நாள் என்று சிக்கனமாக எழுதிக்கொடுக்கப்படுகிறது. அந்த அளவுக்கும் ஆய்வில் வந்த பலனுக்கும் சம்பந்தம் இல்லை.

பலன் எவ்வளவு? 2011இல் வெளியான, ஒரே மாதிரி நடந்த இரண்டு ஆய்வுகளில் ரிஃபாக்சிமின் எடுத்தவர்களில் 40.7 விழுக்காட்டினரும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 31.7 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் என்றார்கள். வித்தியாசம் 9. அதாவது 11 பேர் முழுச் செலவும் செய்தால் ஒருவருக்கு மருந்தினால் மட்டுமே கிடைத்த நன்மை. கேட்டவர்களுக்கும் சில மாதத்தில் தொல்லை திரும்புவது சகஜம். மேலும் இரண்டு முறை எடுக்கலாம். உப்புசத்தையும் இது குறைப்பதுதான் லோபெரமைடிடம் இல்லாத சிறப்பு. வயிறு எப்போதும் பானைபோல் இருக்கிறது, பேதியும் உண்டு, உணவைத் திருத்தியும் அடங்கவில்லை என்பவருக்கு இது நியாயமான செலவு. வெறும் பேதிக்கு என்றால் ஆடம்பரம்.

ஒன்டன்செட்ரான். வாந்திக்குக் கொடுக்கும் அதே 4 மி.கி. மாத்திரை. மலம் வருகிறது என்ற உணர்வுக்கும் ஓடுவதற்கும் நடுவே அவகாசமே இல்லாதவர்களுக்குப் பயன்படும். அவசரம் குறையும், மலம் கெட்டிப்படும். வலிக்குப் பெரிய உதவி இல்லை. ஐ.பி.எஸ்.ஸுக்கென்று அனுமதி பெற்ற மருந்து அல்ல என்பதால் மருத்துவர் எழுதினால் மட்டுமே. தலைவலியும் மலச்சிக்கலும் வரும். இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஈ.சி.ஜி. பார்த்தபின்.

பித்தப்பையை எடுத்தபின் தொடங்கிய பேதி என்றால் கணக்கே வேறு. பெருங்குடலில் இறங்கும் பித்த அமிலம்தான் காரணமாக இருக்கலாம். அதைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பொடி (4 கிராம் பொட்டலம்) கேட்கும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 – 6 மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும். அவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

## மலச்சிக்கல் பெரிது என்றால்

இசப்கோல். முதலில் இங்கேதான் தொடங்க வேண்டும். நார்ச்சத்து என்றால் எல்லாம் ஒன்றல்ல. 2009இல் நெதர்லாந்தில் 275 பேருக்கு 12 வாரம் மூன்று பொடிகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள்: 10 கிராம் இசப்கோல் உமி, 10 கிராம் தவிடு, போலி மருந்தாக அரிசிமாவு. இசப்கோல் உதவியது, தவிடு பலரைத் தொடக்கத்திலேயே விலகவைத்தது. கோதுமைத் தவிட்டு ரொட்டி சாப்பிட்டு உப்புசம் கூடியவர்கள் ‘நார்ச்சத்து எனக்கு ஆகாது’ என்று இசப்கோலையும் சேர்த்து ஒதுக்குவது இதனால்தான்.

நாளுக்கு 3 – 4 கிராமில் தொடங்கி வாரம் ஒருமுறை அதே அளவு கூட்டி 10 கிராம் வரை போகலாம். உமி லேசானது, கரண்டிக் கணக்கு ஏமாற்றும். ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கூழாகும் முன் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் இளக்குவதற்குப் பதில் அடைக்கும். உலர்ந்த உமியை வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையில் சிக்கும். தைராக்சின் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம், மற்றவற்றுக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆரஞ்சுச் சுவைப் பொடிகளில் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர் டப்பாவின் பின்பக்கம் படிக்கட்டும்.

பாலிஎத்திலீன் கிளைகால். 17 கிராம் பொடி, ஒரு டம்ளர் தண்ணீரில், நாளுக்கு ஒருமுறை. மலம் நன்றாகப் போகும், பழக்கமாகாது. வயிற்றுவலி குறையாது, அமெரிக்க இரைப்பைக்குடல் கல்லூரியின் 2021 வழிகாட்டி, ஐ.பி.எஸ்.ஸின் மொத்தத் தொல்லைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறது. போவதுதான் பிரச்சினை, வலி கொஞ்சம்தான் என்பவருக்கு இது போதும்.

லாக்டுலோஸ் சிரப்பை ஐ.பி.எஸ்.ஸுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். உப்புசக்காரருக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் வேண்டாம் என்றே சொல்கிறது.

நிலாவரை, பிசகோடில். குடலைச் சாட்டையால் அடிக்கிற வகை. நிலாவரையை உலகம் ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே வாங்குகிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் ‘மூலிகைதான், பக்கவிளைவு இல்லை’ என்று இரவுதோறும் எடுக்கும் சூரணங்கள் பலவற்றில் வேலை செய்வது இந்த இலைதான். காலையில் வரும் முறுக்குவலி அதன் உபயம். மூன்று நாள் போகாதபோது ஒரு கை உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

லினாக்ளோடைடு, லூபிப்ரோஸ்டோன். மேலே சொன்னவை தோற்றபின். லினாக்ளோடைடு 290 மைக்ரோகிராம், காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். 2012இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. மலச்சிக்கலோடு வலியையும் சேர்த்துக் குறைப்பதுதான் இதன் மதிப்பு. முதல் வாரத்திலேயே மலம் இளகும், வலி அடங்க 8 – 12 வாரம் ஆகலாம். மருந்து மிஞ்சினால் பேதி. உணவோடு எடுத்தால் அது இன்னும் கூடும். லூபிப்ரோஸ்டோன் இதற்கு நேர்மாறு: 8 மைக்ரோகிராம், இரண்டு வேளை, உணவோடு, இல்லாவிட்டால் குமட்டல் தாங்காது. ஐ.பி.எஸ்.ஸுக்கான அதன் ஒப்புதல் பெண்களுக்கு மட்டும். 24 மைக்ரோகிராம் காப்ஸ்யூல் சாதாரண நாள்பட்ட மலச்சிக்கலுக்கானது. கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இவை வேண்டாம், இசப்கோல் போதும்.

## எல்லாம் பார்த்தாயிற்று, வலி விடவில்லை என்றால்

அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவில். இதை எழுதிக்கொடுத்ததும் கூகுளில் தேடி, ‘மனச்சோர்வு மருந்து’ என்று படித்து, ‘என்னைப் பைத்தியம் என்கிறாரா டாக்டர்?’ என்று கோபப்பட்டு மாத்திரையைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைப்போலப் பல மடங்கு. இங்கே வேலை, குடலிலிருந்து மூளைக்கு ஏறும் வலிச் செய்தியின் ஓசையைக் குறைப்பது. குடலை மெதுவாக்கவும் செய்வதால் பேதி வகைக்கு இரட்டை லாபம்.

முதல்நிலை மருந்துகள் கேட்காத 463 பேரை வைத்து இங்கிலாந்தின் பொது மருத்துவர்களிடம் நடந்த அட்லாண்டிஸ் ஆய்வு 2023இல் வெளியானது. 10 மி.கி.யில் தொடங்கி, மூன்று வாரத்தில் தேவைக்கேற்ப 30 வரை. ஆறு மாத முடிவில் போலி மாத்திரைக் குழுவைவிடத் தொல்லை தெளிவாகக் குறைந்திருந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள மருந்துகளில் பணத்துக்கு அதிகம் தருவது இதுதான் என்போம். தினசரிச் செலவு ஒரு தேநீரைவிடக் குறைவு.

கேட்கும் விலை வேறு வடிவில் வரும். முதல் பத்து நாள் காலையில் தலை பாரமாக இருக்கும், வாய் உலரும். இரவு எட்டு மணிக்கே எடுத்துவிட்டால் காலை மந்தம் குறையும். பலன் தெரிய 4 – 6 வாரம், அதாவது தொல்லை முதலில், நன்மை பின்னால். இந்த வரிசை தெரியாதவர்தான் இரண்டாம் வாரத்தில் நிறுத்துவார். மலச்சிக்கல் வகைக்கு நிலைமையை மோசமாக்கலாம். சமீபத்தில் மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் கூடாது. டிராமடோல் போன்ற வலிமாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே ஆபத்து.

## கலவை மாத்திரை என்னும் கண்ணிவெடி

மேலே சொன்ன ஒப்பீடு எல்லாம் தனி மருந்துகளுக்கு. நம் கடைகளில் கலவைகள்தான் அதிகம் ஓடுகின்றன. மருந்தின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து கூடியிருந்தால் உள்ளே இன்னொரு மருந்து இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்.

ஒன்று குளோர்டயாசிபாக்சைடு. கிளிடினியத்தோடோ டைசைக்ளோமினோடோ மெபெவெரினோடோ சேர்ந்து வரும். இது தூக்கமாத்திரைக் குடும்பம். முதல் நாளே வயிறும் மனசும் அமைதியாகும், அதனாலேயே பிடித்துப்போகும். சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, படபடப்பு. அந்தப் படபடப்பில் வயிறும் கலங்கும், ‘பார், மாத்திரை இல்லாமல் முடியவில்லை’ என்று மறுபடி தொடங்குவார்கள். மாதக்கணக்கில் எடுத்திருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மற்றொன்று லெவோசல்பிரைடு. வாயுவுக்கென்று பான்டோபிரசோலோடு சேர்த்து வரும். மாதவிடாய் தவறுதல், மார்பில் பால் சுரத்தல், முதியவர்களுக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் இதன் மறைமுகச் செலவு. நடுக்கத்தைப் பார்க்கின்சன் நோய் என்று எண்ணி அதற்குத் தனி மருந்து தொடங்குவதும் நடக்கிறது.

## ஒரே பார்வையில்

| மருந்து | எதற்கு | எப்போது தெரியும் | கெடு (இதற்குள் கேட்காவிட்டால் மாற்றலாம்) | கவனம் |
|---|---|---|---|---|
| மெபெவெரின் | வலி | 1 – 2 வாரம் | 4 வாரம் | உணவுக்கு முன் எடுக்க வேண்டும் |
| டைசைக்ளோமின் | திடீர்ப் பிடிப்பு | அன்றே | தேவைப்படும்போது | வாய் வறட்சி, சிறுநீர்த் தடை, மலச்சிக்கல் |
| பெப்பர்மின்ட் எண்ணெய் | வலி, உப்புசம் | 1 – 2 வாரம் | 4 வாரம் | நெஞ்செரிச்சல் |
| லோபெரமைடு | பேதி | அன்றே | தேவைப்படும்போது | வலி குறையாது, மலச்சிக்கல் |
| ரிஃபாக்சிமின் | பேதி, உப்புசம் | 2 – 4 வாரம் | 14 நாள் முடித்து 4 வாரம் | விலை, திரும்ப வருதல் |
| இசப்கோல் | மலச்சிக்கல், கலப்பு வகை | 1 – 3 வாரம் | 12 வாரம் | தண்ணீர் குறைந்தால் அடைக்கும் |
| பாலிஎத்திலீன் கிளைகால் | மலச்சிக்கல் | 1 – 3 நாள் | 4 வாரம் | வலி குறையாது |
| லினாக்ளோடைடு | மலச்சிக்கல் + வலி | மலம் 1 வாரம், வலி 8 – 12 | 12 வாரம் | பேதி |
| அமிட்ரிப்டிலின் | வலி, பேதி | 4 – 6 வாரம் | 12 வாரம் | தூக்கம், வறட்சி, மலச்சிக்கல் |

ப்ரோபயாடிக்கை (நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய தயாரிப்பு) பட்டியலில் சேர்க்கவில்லை. எந்த இனம், எந்த அளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாத பொருளுக்கு ஒப்பீடு செய்வது கஷ்டம். எடுத்துப் பார்க்க விரும்பினால் ஒரே தயாரிப்பை 12 வாரம் வரை, கேட்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். இட்லி மாவில் இருக்கும் பாக்டீரியா ஆவியில் வெந்து செத்துவிடும் என்பதால் அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டாம்.

உணவையும் விட்டுவிட முடியாது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி, புளிக்கும் மாவுச்சத்துகளை 2 – 6 வாரம் ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் சமையலில் முதல் குற்றவாளிகள் வெங்காயமும் பூண்டும். அடுத்தது கோதுமை, பால், பருப்பு. பூண்டின் தொல்லைச் சத்து எண்ணெயில் கரையாது. தாளிக்கும் எண்ணெயில் பூண்டை வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டால் மணம் தங்கும், வயிறு தப்பும். சோறு ஒன்றும் செய்யாது.

## புதிய மருந்து என்றதும்

பேதி வகைக்கான அலோசெட்ரான் 2000 பிப்ரவரியில் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, பெருங்குடலில் ரத்த ஓட்டம் தடைபட்ட நிகழ்வுகளால் அதே நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2002இல் கடும் கட்டுப்பாடுகளோடு பெண்களுக்கு மட்டும் மீண்டும் வந்தது. மலச்சிக்கல் வகைக்கான டெகாசெரோட் இதயப் பாதிப்புக் கவலையால் 2007இல் அங்கே நிறுத்தப்பட்டு, இந்தியாவிலும் 2011இல் தடை செய்யப்பட்டது. ஐ.பி.எஸ். உயிரை எடுக்காத நோய். உயிருக்குச் சிறு ஆபத்து உள்ள மருந்தும் இதற்குக் கட்டுப்படியாகாது. பழைய, மலிவான மருந்தோடு தொடங்குவது கஞ்சத்தனம் அல்ல.

## சோதித்துப் பார்க்கும் முறை

மருந்து தொடங்கும் முன் இரண்டு வாரம் மூன்றே மூன்று எண்களைக் குறியுங்கள்: எத்தனை தடவை போனீர்கள், பிரிஸ்டல் அட்டவணைப்படி மலம் எந்த வகை (1 ஆட்டுப் புழுக்கை, 4 வழவழப்பான வாழைப்பழம், 7 வெறும் தண்ணீர்), வலி 10க்கு எத்தனை. வயிறு கலங்கிய நாள்களில் கால் பங்குக்கு மேல் 1, 2 என்றால் மலச்சிக்கல் வகை. 6, 7 என்றால் பேதி வகை. இரண்டும் கால் பங்கைத் தாண்டினால் கலப்பு வகை. கலப்பு வகைக்காரருக்கு இசப்கோலும் உணவு மாற்றமும் முதலில், வலிக்கு மெபெவெரினோ பெப்பர்மின்டோ அடுத்து. லோபெரமைடும் பேதி மருந்துகளும் கடைசி.

பிறகு ஒரே ஒரு மருந்து. இரண்டை ஒரே நாளில் தொடங்கினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டையின் மேல் தொடங்கிய தேதியையும் கெடு முடியும் தேதியையும் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆய்வுகள் வலி 30 விழுக்காடு குறைந்தால்தான் பலன் என்று கணக்கிடுகின்றன. 6 ஆக இருந்த சராசரி 4க்கு இறங்கினால் வைத்துக்கொள்ளலாம், 5இலேயே நின்றால் மாற்றலாம்.

பலன் கிடைத்த மருந்தும் ஆயுள் முழுக்க அல்ல. ஐ.பி.எஸ். ஏறும், இறங்கும். மெபெவெரினை இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தபின் நிறுத்திப் பார்க்கலாம், திரும்பினால் மறுபடி தொடங்கலாம். அமிட்ரிப்டிலினை ஆறு மாதமாவது ஓட்டிவிட்டு, 30 எடுப்பவர் 20, பிறகு 10 என்று இரண்டு வாரத்துக்கு ஒரு படி இறங்கலாம், மருத்துவருக்குச் சொல்லிவிட்டு. அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது கோப்பைவிட அந்த மூன்று எண்கள் எழுதிய தாளையும், காலியான அட்டைகளையும் கொண்டுபோங்கள். பெயர் நினைவில்லாத மாத்திரையை ‘வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்’ என்று சொன்னால் அவராலும் கண்டுபிடிக்க முடியாது.